ஆண்கள் துணி தைக்க, பெண்கள் கஃபேயில் குடிக்க... 1906-லேயே வந்த காமெடி! யார் இந்த ஆலிஸ் கீ?

கணவர் கிச்சனில், மனைவி சோபாவில் கால்மேல் கால் போட்டு அதட்டுகிறார். இப்படி ஆண், பெண் ரோலை மாற்றிப்போட்ட ரீல்ஸைத் தினமும் நாம் ஸ்க்ரோல் செய்கிறோம். சீரியல், வெப் சீரிஸ் என்று எல்லோரும் பயன்படுத்தும் ஐடியாதான். ஆனால், டிவியே இல்லாத 1906-ல், ஏழு நிமிட மௌனப் படமாக ஒரு பெண் இதை எடுத்துவிட்டார் என்றால் நம்புவீர்களா?

அவர் பெயர் ஆலிஸ் கீ. உலகின் முதல் பெண் இயக்குநர்.

டைப்பிஸ்ட் டு டைரக்டர்

1873-ல் பாரிஸ் அருகே பிறந்தவர் ஆலிஸ். அப்பாவுக்குத் தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் புத்தகத் தொழில். அப்பா இறந்ததும் குடும்பத்தில் பணக் கஷ்டம். டைப்பிங், சுருக்கெழுத்து கற்றுக்கொண்டு, 1894-ல் கேமரா விற்கும் ஒரு நிறுவனத்தில் செக்ரட்டரியாகச் சேர்ந்தார். அந்த நிறுவனத்தை அடுத்த வருஷமே லியோன் கோமோன் வாங்கினார். இன்றும் பிரான்சில் இயங்கும் கோமோன் சினிமா நிறுவனத்தின் ஆரம்பம் அதுதான்.

1895 மார்ச்சில் லூமியர் சகோதரர்கள் ஓடும் படத்தைத் திரையிட்டுக் காட்டியபோது, பார்த்தவர்களில் ஆலிஸும் ஒருவர். தொழிலாளர்கள் ஃபேக்டரியிலிருந்து வெளியே வருவதைக் காட்டுவது சரி, இதிலேயே ஒரு கதை சொன்னால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. முதலாளியிடம் கேட்டார். ஆபீஸ் வேலை கெடக்கூடாது என்ற ஒரே கண்டிஷனோடு அனுமதி கிடைத்தது. முட்டைக்கோஸ் தோட்டத்திலிருந்து குழந்தைகளை எடுத்துத் தரும் தேவதையின் கதையைப் படமாக்கினார். அவர் கணக்குப்படி அது 1896.

அப்புறம் என்ன, சுமார் பத்து வருஷம் கோமோனின் படத் தயாரிப்பு முழுக்க அவர் கையில். அந்தக் காலத்தில் உலகத்திலேயே படம் இயக்கிய ஒரே பெண் அநேகமாக அவர்தான். ரெக்கார்டில் பதிவு செய்த பாட்டோடு சேர்த்து ஓடும் குறும்படங்களையே நூறுக்கும் மேல் எடுத்தார்.

அந்த ஏழு நிமிடத்தில் என்ன இருக்கிறது?

படத்தின் பெயர், 'பெண்ணியத்தின் விளைவுகள்'. ஆண்கள் பூ வைத்த தொப்பி செய்கிறார்கள், துணி தைக்கிறார்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். பெண்கள் கஃபேயில் உட்கார்ந்து குடிக்கிறார்கள், புகைக்கிறார்கள். பார்க் பெஞ்சில் ஒருத்தி ஒரு ஆணை விடாமல் நெருங்குகிறாள். அவர் கூச்சத்தில் நெளிகிறார். கடைசியில் பொறுமை இழந்த ஆண்கள் கஃபேக்குள் புகுந்து, பெண்களை விரட்டிவிட்டு, அவர்களே உட்கார்ந்து குடிக்கிறார்கள். படம் ஓவர்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஆணுக்குப் புடவை கட்டிவிட்டுச் சிரிக்க வைக்கும் டைப் காமெடி இல்லை இது. உடை அவரவர் உடைதான். மாறியது நடத்தை மட்டும். அதனால், நாம் பார்ப்பது ஏதோ கற்பனை உலகம் இல்லை. பெண்களுக்குத் தினமும் நடப்பதுதான், ஆள் மட்டும் மாறியிருக்கிறது. பெஞ்சில் ஒரு ஆண் நெளிவது விநோதமாகத் தெரிகிறது என்றால், பெண் நெளியும்போது ஏன் சாதாரணமாகத் தெரிந்தது?

அப்படியென்றால் படம் யாரைக் கிண்டல் செய்கிறது? பெண்ணியம் வந்தால் இப்படித்தான் ஆகும் என்று பயந்தவர்களுக்கு, கடைசி சீன் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால், யோசித்துப் பாருங்கள். அந்த வாழ்க்கையை ஏழு நிமிடம்கூட ஆண்களால் தாங்க முடியவில்லை, புரட்சியே செய்துவிட்டார்கள்! இரண்டு விதமாகவும் பார்க்கலாம், அதுதான் இந்தக் காமெடியின் பலம். பிரான்சில் திருமணமான பெண் தன் சம்பளத்தைத் தானே வைத்துக்கொள்ளச் சட்டம் வந்தது 1907-ல்தான். ஓட்டுரிமை கிடைத்தது 1944-ல். அப்படிப்பட்ட ஊரில் வந்த படம் இது.

அமெரிக்காவில் சொந்த ஸ்டூடியோ

1907-ல் ஹெர்பர்ட் பிளாஷேயைக் கல்யாணம் செய்துகொண்டு அமெரிக்கா போனார். 1910-ல் சோலாக்ஸ் என்ற சொந்தக் கம்பெனி. 1912-ல் நியூ ஜெர்சியின் ஃபோர்ட் லீயில் பெரிய ஸ்டூடியோ. நடிகர்கள் இயல்பாக இருக்க வேண்டும் என்று அங்கே பெரிய எழுத்தில் போர்டே வைத்திருந்தார். பழைய ஐடியாவை மறுபடி எடுத்து, '2000-ம் ஆண்டில்' என்ற படத்தையும் அதே வருஷம் வெளியிட்டார். பெண்கள் ஆளும் எதிர்காலம்தான் கதை. அந்தப் படம் இன்று நம்மிடம் இல்லை.

படத்தின் கடைசி சீன், நிஜத்தில்

அடுத்து நடந்ததுதான் வருத்தம். சினிமா பெரிய பிசினஸாக மாறி, ஹாலிவுட் பக்கம் நகர்ந்தது. ஸ்டூடியோ கைவிட்டுப் போனது, திருமணமும் முறிந்தது. 1922-ல் இரண்டு குழந்தைகளோடு பிரான்ஸ் திரும்பியவருக்கு, எந்தப் படக் கம்பெனியும் வேலை தரவில்லை. அவர் எடுத்த இயேசு படத்தை, பிரபல சினிமா வரலாற்றாசிரியர் ஜார்ஜ் சாதூல், அவருடைய ஆண் உதவியாளர் பெயரில் எழுதிவைத்தார்.

அவருடைய காமெடியில் ஆண்கள் கஃபேயைத் திரும்பப் பிடித்தார்கள் இல்லையா? நிஜத்தில் சினிமாவையே பிடித்துக்கொண்டார்கள். அங்கே அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிகூட மறந்துபோனது.

ஆலிஸ் சும்மா இருக்கவில்லை. தன் படங்களைத் தேடி அலைந்தார், பட்டியல் போட்டார், சுயசரிதை எழுதினார். 1968-ல், 94 வயதில் நியூ ஜெர்சியில் இறந்தார். புத்தகம் வெளியானது 1976-ல். அவர் எடுத்த படங்கள் சுமார் ஆயிரம் என்கிறார்கள். மிஞ்சியவை அதில் சிறு பங்குதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில், சேன் நதிக்கரையில் எழுந்த பத்துப் பெண்களின் தங்க நிறச் சிலைகளில் ஒன்று அவருடையது.

அந்த ஏழு நிமிடப் படம் தப்பிப் பிழைத்துவிட்டது, ஆன்லைனிலும் இருக்கிறது. அடுத்த முறை ரோல் மாற்றிய ரீல்ஸ் பார்த்துச் சிரித்தால், அந்த பெஞ்ச் சீனையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 120 வருஷத்தில் எவ்வளவு மாறியிருக்கிறது என்று நீங்களே முடிவு செய்யலாம்.