சூரிய ஒளியில் ஐன்ஸ்டைனைத் தேடிய கொடைக்கானல் விஞ்ஞானி: யார் இந்த ஜான் எவர்ஷெட்?

கீரப்பாளையத்தில் ஒரு அணுக் கடிகாரம், கொடைக்கானல் மலையில் இன்னொன்று. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் கொடைக்கானல் கடிகாரம் சுமார் 8 மைக்ரோ நொடி முந்தியிருக்கும். ரிப்பேர் எல்லாம் இல்லை. ஈர்ப்பின் பிடிக்குள் ஆழமாகப் போகப் போக, காலம் மெதுவாக ஓடும். ஐன்ஸ்டைன் சொன்னது இது.

நூறு வருஷத்துக்கு முன்னாடி அணுக் கடிகாரம் கிடையாது. அப்போ எப்படிச் சோதிப்பது? சூரியன்தான் வழி. அதன் மேற்பரப்பில் இருக்கும் அணுக்களும் மெதுவாக அதிரும். அதனால் நிறமாலைக் கோடுகள் சிவப்புப் பக்கம் நகரணும். எவ்வளவு? 10 லட்சத்தில் வெறும் 2 பங்கு! அதை அளக்க கொடைக்கானலில் மல்லுக்கட்டியவர்தான் ஜான் எவர்ஷெட்.

1864இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பிறந்தவர். லண்டன் கம்பெனி ஒன்றில் வேதியியல் பகுப்பாய்வு வேலை. வானியல் வெறும் ஆர்வம்தான். கருவிகளைத் தானே செய்துகொள்வார். 1907இல் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு வந்தார். கூடவே மனைவி மேரி, அவரும் வானியலாளர். 1909 ஜனவரியில், சூரியக் கரும்புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். 'எவர்ஷெட் விளைவு' என்று இன்றும் பாடப்புத்தகங்களில் இருப்பது இதுதான். 1911இல் இயக்குநர்.

கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருப்பது அவருக்கும் தெரிந்தது. ஆனா காரணம் ஈர்ப்புதானா, இல்லை சூரிய வாயுக்களின் ஓட்டமா? சூரியனின் விளிம்பில் நகர்வு கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. ஒருவேளை பூமிதான் சூரிய வாயுவை ஏதோ விதத்தில் தள்ளுகிறதோ என்றுகூட சந்தேகப்பட்டார். கேட்கவே விசித்திரம். ஆனா சோதித்த விதம் அழகு: சூரியனின் மறுபக்க ஒளியை, வெள்ளி கிரகத்தில் பட்டுத் திரும்பும்போது பிடித்து அளந்தார். பின்னாளில் அந்தக் கருத்தைக் கைவிட்டு, ஐன்ஸ்டைன் சொன்ன நகர்வு உண்மையில் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்.

இதில் ஒரு ட்விஸ்ட். சிவப்பு நகர்வு கிடைத்தாலே ஐன்ஸ்டைன் ஜெயித்துவிட மாட்டார். பின்லாந்தின் குன்னர் நார்ட்ஸ்ட்ரோம் 1912-13இல் ஒரு போட்டிக் கோட்பாடு வைத்திருந்தார். ஈர்ப்பு ஒரு 'ஸ்கேலார் புலம்' என்பது அவர் கணக்கு. வானிலை மேப்பில் கடலூருக்கு ஒரு எண், சிதம்பரத்துக்கு ஒரு எண் போடுவாங்களே, அதுபோல ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே ஒரு எண். திசை எதுவும் கிடையாது. அந்தக் கோட்பாட்டிலும் சிவப்பு நகர்வு வரும்! ஆனா ஒளி வளையாது. ஐன்ஸ்டைன் கணக்கில் வளையும்.

1919 கிரகணத்தில் எடிங்டன் குழு அந்த வளைவைப் பார்த்துவிட்டது. ஆனாலும் சந்தேகங்கள் ஓயவில்லை. மறுசோதனைக்காக 1922 செப்டம்பர் 21 கிரகணத்தைப் பிடிக்க, எவர்ஷெட்டும் மேரியும் மேற்கு ஆஸ்திரேலியாவின் வாலல் கடற்கரைக்குப் போனார்கள். கருவி சொதப்பியது, அவ்வளவு தூரம் போயும் வளைவை அளக்க முடியவில்லை. அதே இடத்தில் முகாமிட்ட அமெரிக்காவின் லிக் ஆய்வகக் குழு அளந்து, ஐன்ஸ்டைனுக்கு வலுவான ஆதாரம் கொடுத்தது.

1923இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய எவர்ஷெட், யூஹர்ஸ்ட் கிராமத்தில் சொந்தமாக ஒரு ஆய்வகம் கட்டி, வயதான காலத்திலும் சூரியனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 1956இல் இறந்தார். நாலு வருஷம் கழித்து, 1960இல், ஹார்வர்டில் பவுண்ட், ரெப்கா இருவரும் வெறும் 22.5 மீட்டர் உயரத்துக்குள்ளேயே அதே நகர்வை அளந்து காட்டினார்கள்.