வைத்தியர் விர்ச்சோவின் தீர்ப்பு

தேகத்தில் ஒரு கட்டி தோன்றியதும் மனிதன் கேட்பது ஒரே கேள்விதான். இது கொல்லுமா, கொல்லாதா என்பதே அது. தீங்கற்ற கட்டி தன் எல்லைக்குள் நிற்கும். கொடிய கட்டி எல்லை மீறி, தூரத்து அவயவங்களிலும் குடியேறும். இவ்விரண்டையும் ஊகத்தால் அன்றி, உயிரணுக்களைச் சோதித்துப் பிரித்தறியும் சாஸ்திரத்துக்கு அஸ்திவாரமிட்டவர்களில் தலையாயவர் ருடால்ப் விர்ச்சோ என்னும் ஜெர்மானிய வைத்தியர். அவர் அரசியல் வீரருமாதலின் அவரது சரிதத்தை நம் நேயர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

1821-ம் வருஷம் பொமரேனியாவில் பிறந்த விர்ச்சோவை, 1848-ல் மேல் சைலீஷியாவில் பரவிய டைபஸ் ஜுரத்தை விசாரிக்கப் பிரஷ்ய சர்க்கார் அனுப்பிற்று. வறுமையும் கல்வியின்மையும் சர்க்காரின் அசட்டையுமே நோய்க்கு மூலமென்றும், ஜனநாயகமே அதற்குச் சிகிச்சையென்றும் அவர் அஞ்சாது அறிக்கை எழுதினார். அவ்வருஷப் புரட்சியிலும் பங்கு கொண்டார். 1849-ல் பெர்லினை விட்டு வூர்ட்ஸ்பர்க் சென்றவர் 1856-ல் திரும்பினார். 1858-ல் உயிரணு நோய்க்கூற்றைப் பற்றிய நூலை வெளியிட்டார். 1862 முதல் பிரஷ்ய சட்டசபையில் பிஸ்மார்க்கை எதிர்த்து நின்றார்.

1887-ல் அவருக்குக் கடும் சோதனை வந்தது. மிதவாதிகள் நம்பியிருந்த பட்டத்து இளவரசர் பிரெடரிக்கின் தொண்டையில் கட்டி கண்டது. ஜெர்மானிய வைத்தியர்கள் புற்றுநோயெனச் சந்தேகித்து ரண சிகிச்சைக்கு ஆயத்தமாயினர். ஆங்கில வைத்தியர் மெக்கன்ஸி எடுத்தனுப்பிய திசுத் துண்டுகளில் விர்ச்சோ புற்றுநோயைக் காணவில்லை. வெட்டியெடுத்த துண்டுகளைக் கொண்டு வியாதி முழுவதையும் நிச்சயிக்க இயலாதென்றும் அவர் எச்சரித்தார். எச்சரிக்கையை மறந்தோர் பலர், சிகிச்சை கைவிடப்பட்டது. 1888 மார்ச்சில் முடி சூடிய பிரெடரிக் 99 நாட்களே ஆண்டு, ஜூன் 15-ல் மாண்டார். பிரேத பரிசோதனை புற்றுநோயை உறுதிப்படுத்திற்று. விர்ச்சோ 1902-ல் காலமானார்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய் வகைப்பாட்டின் பத்தாம் திருத்தம், கொடிய கட்டிகளுக்கு சி எழுத்தில் தொடங்கும் குறியீடுகளையும், தீங்கற்றவைகளுக்கு டி10 முதல் டி36 வரையிலும் வகுத்தது. தன்மை நிச்சயமாகாதவற்றுக்கும் டி37 முதல் டி48 வரை தனி இடம் தந்தது. அவ்விடமே நமக்கு மிகவும் உகந்தது. அறியாததை அறியோமென்று எழுதிவைப்பது கோழைத்தனமன்று. தேசத்தின் வியாதிகளுக்குப் பெயர் சூட்ட விரையும் ஊழியர்களும், கைக்கு எட்டிய துண்டை முழு உடலென்று மயங்காதிருப்பார்களாக!