ஹள்ரத் ஜைது இப்னு தாபித் (ரலி)

மதீனாவின் அன்சாரியான இப்பெருந்தகை 11 வயதில் நாயகம் (ஸல்) அவர்களைக் கண்டார்கள், வஹீ எழுதினார்கள், பின்னர் குர்ஆனைத் தொகுத்தார்கள். பாகப்பிரிவினைக் கணக்கான பராயிளில் சஹாபாக்களுள் அவர்களே முதல்வர்.

உமர் (ரலி) ஆட்சியில் ஒரு வழக்கு. இறந்த பெண்ணுக்குக் கணவரும் இரு சகோதரிகளும் வாரிசு. கணவருக்கு 1/2, சகோதரிகளுக்கு 2/3; கூட்டினால் 7/6! நம் புளியங்குடியில் 42 எலுமிச்சை மரங்கள் என்று வைத்துக்கொள்வோம். 21-ம் 28-ம் சேர்ந்தால் 49. இல்லாத 7 மரத்துக்கு யார் பங்கில் கைவைப்பது?

சொத்தை ஏழு கூறாக்கி, கணவருக்கு 3, சகோதரிகளுக்கு 4 என்று முடிவாயிற்று. அதாவது 18 மரம், 24 மரம். இதுவே அவ்ல். ஜைது (ரலி) அவர்கள் கொண்டதும் இதையே. சகோதரிகள் பங்கில் மட்டும் குறைக்கலாம் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கருத்து. ஆயினும் ஜைது (ரலி) வாகனமேறும்போது அங்கவடியைப் பிடித்து நின்றவரும் அந்த இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள்தாம்.