அசைவின் ஆணிவேர்

நுழையும்முன்

கை உயர்வதும் கால் நடப்பதும் தசையின் தொழில். ஆனால், தசையல்லாத செல்களும் சுருங்குகின்றன, நகர்கின்றன, இரண்டாகப் பிரிகின்றன. அவற்றை இயக்கும் விசை எங்கிருந்து பிறக்கிறது? அவ்வினாவின் விடைக்கு வழிதிறந்த அறிவியலாளரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் போரும்

ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி 1893ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் பிறந்தார். அவர் மருத்துவம் பயின்றுகொண்டிருந்தபோது முதல் உலகப்போர் மூண்டது. படையின் மருத்துவப் பிரிவில் பணியாற்றிய அவர், போர்முனையில் கண்ட பேரழிவால் மனம் வெதும்பினார். பொருளற்ற அப்போரிலிருந்து விடுபடத் தம் கையில் தாமே சுட்டுக்கொண்டார். பின்னர்க் கல்வியைத் தொடர்ந்து 1917இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பல நாடுகளில் ஆய்வு மேற்கொண்டபின், தாயகம் திரும்பிச் செகெட் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அவ்வூரில் மிகுதியாக விளையும் பாப்ரிகா மிளகாயிலிருந்து வைட்டமின் சி-யைப் பெருமளவில் பிரித்தெடுத்தார். 1937இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு அவரை வந்தடைந்தது.

சுருங்கிய இழை

புகழின் உச்சியை அடைந்த பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை; தசையின் இயக்கத்தை ஆராயத் தொடங்கினார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் இலோனா பாங்கா, தசையிலிருந்து சிறிது நேரத்தில் எடுத்த சாற்றைக் காட்டிலும் ஓரிரவு ஊறவைத்து எடுத்த சாறு மிகக் குழைவாக இருப்பதைக் கண்டார். அக்குழைவுக்குக் காரணம் மற்றொரு புரதம் என்பது தெளிவாயிற்று. புரூனோ ஸ்ட்ராப் அதனைத் தனியே பிரித்தெடுத்தார். அதுவே ஆக்டின். மயோசினும் ஆக்டினும் கலந்த கலவையிலிருந்து மெல்லிய இழைகளைச் செய்து, அவற்றின்மீது கொதிக்கவைத்த தசைச் சாற்றைச் சேர்த்தபோது இழைகள் சுருங்கின. சாற்றிலிருந்த ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறே அதற்குக் காரணம். உயிரின் அடையாளமான அசைவு, உயிரற்ற கண்ணாடிக் கலத்தில் தோன்றிய அக்கணத்தையே தம் வாழ்வின் பெருமகிழ்ச்சியாக அவர் கருதினார்.

இவை யாவும் இரண்டாம் உலகப்போரின் நடுவே நிகழ்ந்தவை. நாஜிகளை எதிர்த்த அவரைக் கைதுசெய்ய ஹிட்லர் ஆணையிட்டார். உயிருக்கு அஞ்சி மறைந்து வாழ நேர்ந்தபோதும் ஆய்வின் பயன் அழியவில்லை. 1945இல் சுவீடனிலிருந்து அது உலகை எட்டியது.

தசைக்கு அப்பால்

1947இல் அமெரிக்கா சென்ற அவர், கிளிசரினில் ஊறவைத்த தசைநார்கள் ஏ.டி.பி. பட்டதும் சுருங்குவதைக் காட்டினார். புரத இழைகள் மடிவதால் தசை சுருங்குகிறது என்ற அவருடைய கருத்து தவறாயிற்று. இழைகள் ஒன்றன்மீதொன்று சறுக்குகின்றன என்பதைப் பின்வந்தோர் நிறுவினர். எனினும், அவர் வகுத்த முறை நிலைத்தது. ஜெர்மானிய அறிவியலாளர் ஹாஃப்மன்-பெர்லிங் 1950களில் அம்முறையைத் தசையல்லாத செல்களில் கையாண்டார். அவையும் ஏ.டி.பி. பட்டதும் சுருங்கின!

இன்று அதன் விளக்கம் தெளிவு. செல்லின் மேற்சவ்வுக்குக் கீழே ஆக்டின் இழைகள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. இருபுறமும் தலைகளைக் கொண்ட சிறு மயோசின் கற்றைகள் எதிரெதிர் இழைகளைப் பற்றி இழுக்கின்றன. வலை சுருங்க, செல்லின் வடிவமும் மாறுகிறது. செல் பிரியும்போது அதன் நடுவே இவ்விழைகள் வளையமாக அமைந்து, சுருக்குப்பையின் கயிறுபோல் இறுக்குகின்றன. பணி முடிந்ததும் கலைந்துவிடுகின்றன. இரத்தத் தட்டுகள் உறைகட்டியை இறுக்குவதும், புண்ணின் விளிம்புகள் நெருங்குவதும் இவ்விசையாலேயே ஆகும்.

1986ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் சென்ட்-ஜியார்ஜி மறைந்தார். போர் அழித்த காலத்தில் அவர் தேடியது உயிரை இயக்கும் விசையை. அவ்விசை நம் ஒவ்வொரு செல்லிலும் ஓயாது பணியாற்றுகிறது.