ரெக்கார்டு விற்ற செட்டியார்

மூலக்கொத்தளத்துல வீட்டு மொட்டை மாடியில உட்கார்ந்து ஒரு பழைய டர்ன்டேபிளைப் பிரிக்கிறீங்கன்னு வைங்க. கெட்டிப்பட்டுப்போன ஐட்லர் ரப்பரை மாத்தி, வேகத்தை 78ல வச்சு, எல்.பி. ஊசிக்குப் பதிலா அகலமான ஊசி போடுறீங்க. சுத்துற அரக்குத் தட்டுல ஓடியன் லேபிள் இருந்தா, அது ஏ.வி. மெய்யப்பன் விற்ற சரக்காகவும் இருக்கலாம்.

ஆமா, ஏவிஎம் ஸ்டூடியோ உருண்டையைச் சுத்த வச்சவரேதான்! 1907ல் காரைக்குடியில் பிறந்தவர். அப்பா கடையில் ரெக்கார்டு விற்றுப் பழகி, 1932ல் சென்னையில் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கினார். ஒரு பக்கத்துக்கு 3 நிமிஷம்தான். அதுக்குள்ள எந்தக் குரல் விற்கும்னு கத்துக்கிட்டார்.

படத்துக்கு வந்ததும் அடி. 1935ல் 'அல்லி அர்ஜுனா' தோல்வி, அடுத்து 'ரத்னாவளி'யும் தோல்வி. மனுஷன் விடலை. 1938ல் 'நந்தகுமார்' எடுத்தப்போ நடிகையின் பாட்டு பிடிக்காம, லலிதா வெங்கட்ராமனைப் பாடவைத்து அந்தக் குரலைச் சேர்த்தார். தமிழில் பின்னணிப் பாடல் அப்படித்தான் வந்தது. ரெக்கார்டு வியாபாரிக்கு இது தோணினதில் ஆச்சரியமே இல்லை. தட்டுல ஏது முகம்?

போருக்கு அப்புறம் காரைக்குடியில் ஸ்டூடியோ, 1947ல் 'நாம் இருவர்' வெற்றி.

எனக்கு உறுத்துற இடம் ஒண்ணு உண்டு. பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை இன்னொரு ரெக்கார்டு வியாபாரியிடமிருந்து விலைக்கு வாங்கி வச்சிருந்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்ததும் சட்டப்படி எதிர்த்தார். பாரதி என்ன தனிச்சொத்தான்னு எழுத்தாளர்கள் கொதிச்சாங்க. 1949ல் பணம் எதுவும் வாங்காம உரிமையை அரசிடம் கொடுத்துட்டார். அதுக்கப்புறம் 30 வருஷம் படம் எடுத்துட்டு 1979ல் இறந்தார்.