கோவை தந்த கரிவரதன்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் புலவர் பெருமக்களையும் நாட்டுத் தொண்டர்களையும் பற்றி எழுதுவதே மரபு. இவ்வாண்டு அம்மரபினின்று சற்றே விலகி, மோட்டார் பந்தயத்திற்குத் தம் வாழ்நாளை ஈந்த தமிழர் ஒருவரின் வரலாற்றை அன்பர்கள் முன் வைக்கத் துணிந்தோம். தண்டவாளமே இல்லாத இத்தீவில் இருந்துகொண்டு இரயில்வே எழுத்தர் ஒருவர் பந்தய வண்டியைப் பற்றி எழுதுவதா என அன்பர்கள் நகைக்கலாம். நாம் வளர்ந்தது கோவையை அடுத்த போத்தனூரில். அப்பக்கத்துச் சிறுவர்கள் வியப்போடு சொன்ன பெயர்களுள் கரிவரதன் என்பதும் ஒன்று.

எஸ். கரிவரதன் அவர்கள் 1954-ஆம் ஆண்டில் கோவையின் புகழ்மிக்க ஆலைக் குடும்பத்தில் தோன்றினார். 1910-ஆம் ஆண்டில் இலட்சுமி மில்லை நிறுவிய ஜி. குப்புசாமி நாயுடு அவர்களின் பேரர், ஜி. கே. சுந்தரம் அவர்களின் மைந்தர். பஞ்சும் நூலும் அக்குடும்பத்தின் செல்வம். ஆயினும் அவ்விளைஞரின் நெஞ்சம் நாடியது எஞ்சினின் முழக்கத்தையே.

அந்நாளில் தென்னாட்டில் மோட்டார் பந்தயம் என்றால் சோழவரம்தான். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைந்த விமான ஓடுதளம் அது. போர் முடிந்தபின் அதில் மோட்டார்கள் பாய்ந்தன. 1953-ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் ஆண்டுதோறும் அங்கே பந்தயம் நடத்தினர். திரள் திரளாக மக்கள் கூடினர். கரிவரதனும் அங்கே வண்டி ஓட்டினார்.

ஆனால் அவ்விளையாட்டில் ஒரு குறை இருந்தது. திருத்தி அமைத்த பியட், ஹெரால்டு வண்டிகள் ஒருபுறம் ஓட, மறுபுறம் அயல்நாட்டிலிருந்து கப்பலில் வந்த பந்தய வண்டிகள் ஓடின. 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா அவர்கள், உலகப் பந்தயத்தில் ஓடிய என்சைன் வண்டி ஒன்றையே அங்கே கொணர்ந்து ஓட்டினார். அத்தகைய வண்டியை வாங்கவும், அதன் உறுப்புக் கெட்டால் மாற்று உறுப்பை வரவழைக்கவும் பெருஞ்செல்வம் வேண்டும். திறமை மட்டும் உடைய இளைஞனுக்கு வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் பேறுதான் வாய்த்தது.

இங்கே அமெரிக்க நாட்டின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் தகும். இண்டியானாபொலிஸ் நகரில் 1909-ஆம் ஆண்டில் இரண்டரை மைல் சுற்றளவுள்ள நீள்வட்டப் பாதை அமைந்தது. அவ்வாண்டிலேயே ஏறத்தாழ 32 இலட்சம் செங்கற்களை அதில் பாவினர். 1911-ஆம் ஆண்டில் முதல் ஐந்நூறு மைல் பந்தயத்தில் ரே ஹாரூன் என்பவர், மணிக்குச் சராசரி 74.6 மைல் வேகத்தில் ஓட்டி வெற்றி கண்டார். சக்கரங்கள் மூடியின்றி வெளியே தெரிய, ஒருவர் மட்டும் அமர்ந்து ஓட்டிய வண்டி அவருடையது. ஆனால் அவ்விளையாட்டு நாடெங்கும் வேரூன்றியது அப்பெரு நகரத்தால் மட்டுமன்று. சிற்றூர்ச் சந்தைத் திடல்களில், குதிரைகள் ஓடிய மண் வட்டங்களில், பட்டறைக்காரர்கள் எளிய போர்டு வண்டியின் எஞ்சினைத் திருத்தி ஓடவிட்டனர். அப்போர்டு எஞ்சினுக்கு வலிமை கூட்டும் உறுப்புகளைச் செவ்ரோலே உடன்பிறந்தார் செய்து விற்றனர். 1923-ஆம் ஆண்டில் அவ்வாறு திருத்திய போர்டு ஒன்று இண்டியானாபொலிஸ் பந்தயத்திலேயே ஐந்தாம் இடம் பெற்றது. ஊரெங்கும் கிடைக்கும் எஞ்சினே ஏழை ஓட்டுநனுக்குக் கதவைத் திறந்தது.

அதே கதவைத் தமிழகத்தில் திறந்தவர் கரிவரதன். வெளிநாட்டு வண்டி வாங்கும் வசதி அவருக்கு இல்லாமல் இல்லை. தாம் ஓடுவதோடு அமைந்துவிடாமல் பிறரும் ஓட வேண்டும் என அவர் எண்ணினார். 1983-ஆம் ஆண்டின் இறுதியில் மாருதி 800 என்னும் சிறு மோட்டார் நம் நாட்டுச் சாலைகளுக்கு வந்தது. மூன்று சிலிண்டர், 796 கன சென்டிமீட்டர். கடைத்தெருவுக்குக் காய்கறி வாங்கப் போகும் குடும்ப வண்டியின் எஞ்சின் அது. அதனையே கொண்டு, மூடியில்லாச் சக்கரங்களும் ஒற்றை இருக்கையும் உடைய பந்தய வண்டியை 1980-களின் பிற்பகுதியில் அவர் கோவையிலே உருவாக்கினார். அதுவே ஃபார்முலா மாருதி.

இதன் நன்மை எளிதில் விளங்கும். எஞ்சின் சிறிது, ஆயினும் வண்டியின் சுமையைக் குறைத்துவிட்டால் வேகம் கூடும். உறுப்பு கெட்டால் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். எல்லோர்க்கும் ஒரே எஞ்சின் ஆதலின், பணப்பையின் கனம் வெற்றியைத் தீர்மானிப்பதில்லை. கையும் கண்ணும் நெஞ்சுரமுமே தீர்மானிக்கும். பம்பும் மோட்டாரும் செய்து பழகிய கோவைப் பட்டறைகளின் கைத்திறனுக்கு அது நல்லதோர் சான்று. 1990-ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயப் பாதை திறக்கப்பட்டபோது, அதில் ஓடுதற்கு நம் நாட்டிலேயே செய்த வண்டிகள் ஆயத்தமாக இருந்தன.

1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். அப்போது நாம் பள்ளி மாணவர். வானூர்தி விபத்து ஒன்றில் கரிவரதன் மறைந்தார் என்ற செய்தி ஊரெங்கும் பரவியது. தேநீர்க் கடையிலும் பட்டறை வாயிலிலும் மக்கள் கூடி நின்று பேசியதை இன்றும் மறந்திலோம். அகவை நாற்பதைச் சற்றே கடந்த நிலையில் அவ்வாழ்வு முடிந்தது.

வாழ்வு முடிந்ததேயன்றி, வேலை முடியவில்லை. கோவை மைந்தர் நரேன் கார்த்திகேயன் தம் முதற் பந்தயத்தை ஓடியது ஃபார்முலா மாருதி வண்டியில்தான். 2005-ஆம் ஆண்டில் அவர் ஃபார்முலா 1 என்னும் உலகப் பந்தயத்தில் புகுந்த முதல் இந்தியர் ஆனார். அவ்வாண்டே இண்டியானாபொலிஸ் களத்தில் நான்காம் இடம் பெற்று, அப்பந்தயத்தில் புள்ளிகள் ஈட்டிய முதல் இந்தியரும் ஆனார். அன்று டயர்க் கோளாறு காரணமாகப் பதினான்கு வண்டிகள் விலகிவிட, ஆறு வண்டிகளே ஓடின என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்கோளாற்றை உண்டாக்கியது பழைய நீள்வட்டப் பாதையின் சரிந்த வளைவே. மாருதி எஞ்சினில் பயின்ற தமிழர் அவ்வளைவிலும் வண்டி ஓட்டினார் என்பது நமக்குப் பெருமையன்றோ!

2003-ஆம் ஆண்டில் கோவை செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயப் பாதை திறக்கப்பட்டது. கரி மோட்டார் ஸ்பீட்வே என்னும் அதன் பெயரில் அவர் நிலைத்து நிற்கிறார்.

கப்பல் வந்தால்தான் பொருள் என்பது இத்தீவு வாழ்க்கை. வண்டூர்த் துறையில் படகு எஞ்சின் பழுதானால், மாற்று உறுப்பு வரும்வரை காத்திராமல் கையிலுள்ளதைக் கொண்டு சரிசெய்யும் பிள்ளைகள் நம்மிடையே உள்ளனர். எண்ணெய்க் கறை படிந்த அக்கைகளைக் கண்டு நாம் முகஞ்சுளிக்க வேண்டா. இல்லாததை நினைந்து ஏங்காமல், இருப்பதைக் கொண்டு பிறர்க்கும் வழி அமைத்தார் கரிவரதன். அவ்வழியில் நம் பிள்ளைகளும் சிறந்து விளங்குவாராக.