ஃபாரடேவின் கண்ணில் பாய்ந்த 13 கண்ணாடித் துண்டுகள்: கடலடி கேஸ் குழாய்க்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

மைக்கேல் ஃபாரடே என்றதும் பள்ளிப் புத்தகத்தில் பார்த்த காந்தமும் கம்பிச்சுருளும்தான் ஞாபகத்துக்கு வரும். டைனமோவுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் அடிப்படை போட்டவர். ஆனா, அந்தக் கண்டுபிடிப்புக்கு 8 வருஷம் முன்னாடி, 1823-ல் அவர் கையில் இருந்தது ஒரு விநோதமான 'ஐஸ்'. இன்னைக்கு ஆழ்கடலில் கேஸ் குழாய் போடும் பொறியாளர்களைத் தூங்கவிடாத அதே ரகம்.

பைண்டிங் கடைப் பையன்

1791 செப்டம்பர் 22-ல் லண்டன் அருகே பிறந்தவர் ஃபாரடே. அப்பா கொல்லர், வீட்டில் வறுமை. 14 வயதில் புத்தக பைண்டிங் கடையில் வேலை பழகப் போனார். கடைக்கு வரும் புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றுக்கொண்டார். 1812-ல் வாடிக்கையாளர் ஒருவர் தந்த டிக்கெட்டில், வேதியியல் மேதை ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். குறிப்பெடுத்து, அதைத் தானே பைண்ட் செய்து டேவிக்கே அனுப்பினார். 1813 மார்ச்சில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது.

ஐஸ் மாதிரி, ஆனா ஐஸ் இல்லை

குளிர்ந்த நீரில் குளோரின் வாயுவைச் செலுத்தினால் மஞ்சள் நிறப் படிகம் உண்டாகும். அது உறைந்த குளோரின் என்றுதான் முதலில் நினைத்தார்கள். இல்லை, அதில் தண்ணீரும் இருக்கிறது என்று 1811-ல் சொன்னவர் டேவி. எவ்வளவு தண்ணீர் என்று 1823-ல் அளந்தவர் ஃபாரடே.

திருத்தணியில் 365 படி ஏறி இறங்கிய களைப்பில் ஒரு கோலி சோடா உடைக்கிறீங்கன்னு வைங்க. அதில் அழுத்தத்தால் வாயு தண்ணீரில் கரைந்திருக்கிறது. அதே வாயுவைப் பல மடங்கு அழுத்தி, நல்லா குளிரவும் வைத்தால், நீர் மூலக்கூறுகள் கூண்டு மாதிரி கட்டிக்கொண்டு வாயுவை உள்ளே சிறைபிடிக்கும். இதுதான் கேஸ் ஹைட்ரேட். அழுத்தம் அதிகமாக இருந்தால், தண்ணீர் சாதாரணமாக உறையாத வெப்பநிலையிலும் இது உருவாகும்.

டேவி சொன்ன யோசனைப்படி, அந்தப் படிகத்தை மூடிய கண்ணாடிக் குழாயில் வைத்துச் சூடாக்கினார் ஃபாரடே. எண்ணெய் போல ஏதோ திரண்டது. பார்க்க வந்த டேவியின் நண்பர் பாரிஸ், குழாயைச் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்தார். மறுநாள் காலை அவருக்கு ஃபாரடேயிடமிருந்து சீட்டு வந்தது: அது திரவக் குளோரின்!

மூடிய குழாயில் வெளிவரும் வாயுவுக்குப் போக்கிடம் கிடையாது. மார்ச் மாதம் ஒரு குழாய் வெடித்து, ஃபாரடேவின் கண்ணில் 13 கண்ணாடித் துண்டுகள் பாய்ந்தன. பார்வை தப்பியது.

தப்பாதது குருவுடனான உறவு. யோசனை என்னுடையது என்று ஃபாரடேவின் கட்டுரையிலேயே குறிப்பு சேர்த்தார் டேவி. ராயல் சொசைட்டி உறுப்பினராக ஃபாரடேவைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு வந்தபோது, அதன் தலைவராக இருந்த டேவியே எதிர்த்தார். 1824 ஜனவரியில் ஃபாரடே தேர்வானார். எதிராக விழுந்தது ஒரே ஓட்டு. யாருடையது என்று ஊகிப்பது கஷ்டமில்லை. ஆனா டேவியைப் பற்றி ஃபாரடே கடைசிவரை மரியாதையாகவே பேசினார். சர் பட்டத்தையும் மறுத்தவர், 1867 ஆகஸ்ட் 25-ல் காலமானார்.

குழாய்க்குள் வந்த படிகம்

அதன்பிறகும் 67 ஆண்டுகள் அது ஆய்வகப் பொருளாகவே இருந்தது. 1934-ல் அமெரிக்காவின் ஹாமர்ஷ்மிட், குளிர்காலத்தில் கேஸ் குழாய்களை அடைப்பது வெறும் பனிக்கட்டி இல்லை, ஹைட்ரேட்தான் என்று காட்டினார். 2010-ல் மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவைப் பிடிக்க இறக்கிய ராட்சத இரும்புக் கூண்டையும் இதுவே அடைத்து, அந்த முயற்சியைக் கெடுத்தது.

திருத்தணியைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் ஆந்திரா. அதன் கடலோர கிருஷ்ணா-கோதாவரி படுகையில், 2,000 மீட்டருக்கும் கீழே உள்ள ஆர்-கிளஸ்டர் வயலில் 2020 டிசம்பரில் கேஸ் எடுக்கத் தொடங்கினார்கள். அந்த ஆழத்தில் தண்ணீர் சில்லென்று இருக்கும். அழுத்தம் 200 மடங்கு. ஹைட்ரேட்டுக்கு அதைவிட வசதியான இடம் வேறு ஏது?

அதனால்தான் கம்ப்யூட்டர் மாடல்கள். குழாயின் எந்த இடத்தில் வெப்பநிலை எவ்வளவு இறங்கும், படிகம் எவ்வளவு வேகமாக வளரும், சுவரில் ஒட்டுமா, கேஸோடு ஓடிவிடுமா என்று கணக்கிடுகிறார்கள். அதை வைத்துத்தான் கிளைக்கால் அல்லது மெத்தனால் எவ்வளவு கலப்பது என்று முடிவாகும். குறைத்தால் அடைப்பு, கூட்டினால் செலவு.

அடைத்த பிறகு அவசரப்பட்டுச் சூடாக்கவும் முடியாது. நடுவில் வெளியேறும் வாயு, 1823-ல் ஃபாரடேவின் குழாயை உடைத்த மாதிரியே குழாயை வெடிக்க வைக்கும். ஒரு பக்கம் மட்டும் அழுத்தத்தைக் குறைத்தால் அடைப்பு தோட்டா போலப் பாயும். இரண்டு பக்கமும் சமமாக, மெல்ல மெல்லத்தான் குறைக்கணும். அதற்கு நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.